முள்ளெடுத்த மீன்

அந்தப் பாலை மரம் விழுந்த சத்தம் கேட்டபோது நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மரம் விழுவது அந்த நாட்களில் புதினமில்லை. ஐம்பதுகளின் கடைசி அது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், குளத்துக்குக் கீழே, குடியேற்றக் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வந்து இரண்டாவது வருடம். நெல்லுக்கு ஒரு துண்டும், வீட்டுக்கும் தோட்டத்துக்குமென்று மேட்டில் ஒரு துண்டும் அரசாங்கம் தந்திருந்தது. மேட்டுக்காணி முழுக்கக் காடு. அதை வெட்டி வெளியாக்குவது குடியேறியவனுடைய பாடு. ஆகவே விடிந்தால் பொழுதுபட்டால் எங்கேயோ ஒரு மரம் விழுந்துகொண்டுதான் இருக்கும். அன்றைக்கு மரம் விழுந்த பிறகு கோடாலிச் சத்தம் திரும்பக் கேட்கவில்லை. நான் அகப்பையோடு ஓடிப் போனேன்.

என் கணவர் விழுந்த மரத்தின் கொப்புகளுக்கு நடுவே குந்தியிருந்தார். காயம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் சுள்ளிகளால் கட்டிய பெரிய கூடு ஒன்று சிதறிக் கிடந்தது. ஒரு குஞ்சு செத்துப்போயிருந்தது. மற்றது அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. முக்கால்வாசி இறகு முளைத்த மண்ணிறக் குஞ்சு. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. இடது சிறகு உடம்போடு சேராமல் தொங்கியது.

"கருடன்," என்றார்.

"பருந்து," என்றேன்.

"தாயைக் கண்டனான். வெள்ளைத் தலை. மேலை நிண்டு கத்தினது."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே வெறும் வானம்தான் இருந்தது.

அவர் வல்லிபுரக் கோயிலடியில் பிறந்து வளர்ந்தவர். வானத்தில் கருடனைக் கண்டால் கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டுக் கும்பிடுகிற ஆள். பெருமாளின் வாகனம் கட்டிய கூட்டைத் தன் கையாலேயே விழுத்தியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியது வேறு. என் கோழிக்குஞ்சுகளைத் தூக்கப்போகிற கள்ளன் ஒருவனை இந்த மனிதர் மடியில் வைத்துக் கொண்டுவருகிறார் என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கோடாலியைக் கழுவித் துடைத்துக் கூரைக்குக் கீழே செருகினார்.

"இது பறக்குமட்டும் நான் ஒரு மரத்திலையும் கை வைக்கமாட்டன்," என்றார்.

"காணியை ஆர் வெட்டுறது?"

"பறந்தாப்பிறகு நான் வெட்டுறன்."

"பறக்காட்டி?"

அவருக்குக் கோபமோ துக்கமோ வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டும் வந்தால் வாய் மூடாது. அன்று முழுவதும் நான் மட்டும்தான் கதைத்தேன். காடு வெட்ட வந்த இடத்தில் கோடாலி தொடாத மனுசன், கடலுக்குப் போய் வலை தொடாத மனுசன் மாதிரி என்றெல்லாம் சொன்னேன். ஊரில் எங்கள் இருவரின் குடும்பத்துக்கும் இருந்த நிலம் எத்தனை பேருக்குப் பங்கு பிரிந்தது, பிரித்த பின் ஒரு மாட்டைக் கட்டக்கூட இடம் மிஞ்சியதா என்றும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி உழுத்தம்மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துக்கொண்டிருந்தார். முறிந்த ஆட்டுக்காலுக்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் பத்துப் போடுவார்கள்.

சிறகை அவர் விரித்துப் பிடிக்க, ஈர்க்குத் துண்டுகளை வைத்துத் துணி சுற்றியது நான்தான். அவருடைய விரல்கள் தடித்தவை. இந்த வேலைக்கு உதவாது. கோழி எலும்பு வாழ்நாளில் எத்தனையோ கடித்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் பறவையின் எலும்பை அன்றைக்குத்தான் முதன்முதல் தொட்டேன். பப்பாசி இலைத் தண்டு மாதிரி உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாய். கனம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இதை வைத்துக்கொண்டா இவை காற்றில் ஏறி நிற்கின்றன என்று நினைத்தபோது என் வாய் தானாக மூடிக்கொண்டது. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது கொஞ்ச நேரம் தள்ளி நின்றது.

சாப்பாட்டுக்குக் குஞ்சு அடம்பிடிக்கவில்லை. அப்போதுதான் குளங்களில் புதிதாய்ப் பெருகத் தொடங்கியிருந்த ஜப்பான் மீனை அவர் பிடித்து வந்து துண்டு துண்டாய்க் கிள்ளிக் கொடுத்தார். சில நாட்களில் ஒரு முள் அதன் தொண்டையில் சிக்கியது. கழுத்தை நீட்டி நீட்டிக் கக்கப் பார்த்தது, கண் மேலே செருகியது. அவர் விரலை உள்ளே விட்டு முள்ளை இழுத்து எடுத்தார்.

அன்று தொடங்கியது முள்ளெடுப்பு. தினமும் வயலால் வந்ததும் வராததுமாக விளாத்தி மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, மீனைப் பிளந்து, நடுமுள்ளை உருவி, பக்கமுட்களை ஒவ்வொன்றாய் நகத்தால் கிள்ளி எடுத்து, பிறகு சதையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார். தன் தட்டில் உள்ள மீனுக்கு ஒரு நாளும் முள்ளெடுத்தவரில்லை. கலியாணம் கட்டும்வரை அவருக்கு அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்தா. கட்டிய பிறகு நான். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. பக்கத்துக் காணிக்காரர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளைக்குச் சோறு தீத்தியாச்சோ?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நான் சொன்னால் அவர் சிரிப்பார்.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் கிழமையில் ஒருமுறை எங்கள் பக்கம் வருவார். நாயாற்றுப் பக்கத்து மீன். அவரிடமும் அந்தக் குஞ்சுக்கென்று தனியாக வாங்கினோம்.

"தங்கச்சி, கோழிக்கள்ளனுக்குக் கூப்பிட்டு மீன் குடுக்கிற வீட்டை நான் இஞ்சைதான் பாத்தன்," என்று அவர் சொன்னார்.

"நானா, அதை அவரிட்டைச் சொல்லுங்கோ. அவருக்கு அது கருடனாம்."

நானா குஞ்சைச் சுற்றி வந்து பார்த்தார். தலை மண்ணிறம், முதுகு மண்ணிறம், நெஞ்சில் மங்கலான கோடுகள். உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பங்குனி முடிய ஈர்க்கை அவிழ்த்தோம். எலும்பு பொருந்தியிருந்தது. முறிந்த இடத்தில் சின்ன முடிச்சு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. வளவுக்குள் அவர் நட்டிருந்த கம்பத்தின் உச்சியில் அது ஏறி உட்கார்ந்து, நாள் முழுவதும் சிறகை அடித்து அடித்துப் பார்த்தது. அடிக்கிற காற்றில் கீழே நான் காயவிட்ட மிளகாய் பறக்கும். என் கோழிகள் முதலில் ஒளித்தன. பிறகு அதைக் கணக்கெடுப்பதையே விட்டுவிட்டன. குஞ்சு என் காலடியில் வந்து நின்று ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இழுத்துக் கத்தும். மீன் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாரும் இல்லாத பகல்களில் அந்தச் சத்தம் வளவில் கேட்பது பிடித்திருந்தது.

வைகாசியில் சோளகம் பிறந்தது. அந்தக் காற்று வன்னிக்குள் நுழையும்போது மரமெல்லாம் ஒரே பக்கம் சாயும். முதல் பெரிய காற்று வந்தபோது கம்பத்தில் இருந்த குஞ்சு இரண்டு சிறகையும் முழுக்க விரித்தது. காற்று அதைத் தூக்கியது. நானும் அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு முழ உயரம் போயிருக்கும். ஈர்க்கு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அப்படியே விழுந்தது.

அதே சிறகு. அதே எலும்பு. பழைய முடிச்சுக்குச் சற்றுக் கீழே.

திரும்பவும் உழுத்தம்மா, முட்டை, ஈர்க்கு. திரும்பவும் நான் சுற்றினேன். அவர் இன்னும் கவனமாக முள்ளெடுத்தார். ஆடி கழிய அவிழ்த்தோம். ஆவணியில் ஒரு நாள் அது வேலியிலிருந்து இறங்கும்போது, குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த என் பெட்டைக்கோழி பாய்ந்து துரத்தியது. கோழிக்கள்ளனைக் கோழி துரத்துகிறது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அது தப்பி ஓட இரண்டே இரண்டு முறைதான் சிறகடித்தது. மூன்றாவது முறையும் முறிந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஆனால் இது எனக்குச் சரியாகப் படவில்லை. கோழி அதைத் தொடக்கூட இல்லை. கல்லில் மோதவில்லை, மரத்திலிருந்து விழவில்லை. தன் சிறகைத் தானே அடித்ததற்கு ஒரு பறவையின் எலும்பு முறியுமா? அவருக்கு அதில் கேள்வியே இல்லை. கூட்டை விழுத்திய பாவம் என்று முடிவுகட்டிவிட்டார். அவர் உடம்பு மெலிந்துபோனது அந்த மாதத்தில்தான்.

அப்போதுதான் ஓவசியரும் வந்தார். குடியேற்றக் காணிகளைப் பார்வையிடுவது அவருடைய வேலை. எங்கள் இரண்டு பக்கமும் வெளியாகி, மரவள்ளியும் வாழையும் நின்றன. நடுவே எங்கள் மேட்டுக்காணி பாதிக்குமேல் காடாக நின்றது. போன மாதம் அதற்குள்ளால் வந்த யானை பக்கத்துக் காணி வாழையை முறித்துப்போட்டு, அவர்கள் எங்கள் மேல் முறைப்பாடு சொல்லியிருந்தார்கள்.

"ஏன் வெட்டேல்லை?" என்று ஓவசியர் கேட்டார்.

என் கணவர் கட்டுப்போட்ட பறவையைத் திரும்பிப் பார்த்தார். பறவை பறக்கவில்லை என்று ஓர் உத்தியோகத்தருக்கு எப்படிச் சொல்வது?

"அவருக்குச் சுகமில்லை ஐயா," என்று நான் சொன்னேன்.

"வாற வருசம் மாரிக்கு முன்னம் வெட்டி எரிச்சிருக்கவேணும். இல்லாட்டி இந்தக் காணி வேறை ஆளுக்குப் போகும். எனக்கு வேறை வழியில்லை பிள்ளை," என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் காணி ஒரு பறவையின் சிறகில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் இரக்கமும் எரிச்சலும் வந்தன. பறந்து தொலையேன் என்று அதனிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். அது தலையைச் சரித்து என்னைப் பார்க்கும்.

கார்த்திகையில் அவருடைய அக்காவின் கணவர் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. என் கணவர் ஊருக்குப் பஸ் ஏறிப் போனார். போன மறுநாள் மழை பிடித்தது. அப்படியொரு மழை. ஆறுகள் பெருகி ரோட்டை மூடின. பஸ் ஓடவில்லை. அவர் அங்கேயும் நான் இங்கேயுமாக அந்த மாதத்தின் பெரும்பகுதி போனது. குளம் நிறைந்து கலிங்கு வழியாக வான் பாய்ந்தது. பாய்ந்த தண்ணீரோடு மீனும் வாய்க்காலில் இறங்கி, வயலுக்குள் ஏறி, எங்கள் வளவு வாசல்வரை வந்தது. பனையோலைக் கடகத்தை வைத்து அள்ளினால் விரல் நீளத்து மீன்கள் துள்ளத் துள்ள வரும். கரையெல்லாம் வயல் நண்டு.

போகும்போது அவர் முள்ளெடுக்கும் முறையை எனக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தார். நான் இரண்டு நாள் எடுத்தேன். பிறகு வரம்பு உடைந்தது, குசினிக் கூரை ஒழுகியது, மாடு சேற்றில் புதைந்தது. மூன்றாம் நாள் கடகத்தோடு அதன் முன்னால் கொட்டிவிட்டேன்.

"தின்னுறதெண்டால் தின். நான் உன்ரை அப்பா இல்லை," என்றேன்.

ஒரு நிமிடம் அது ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு மீனை நகத்தால் அழுத்திப் பிடித்தது. சதையைத் தொடவில்லை. தலையைக் கடித்தது. அந்தத் தலையை நொறுக்கி, முள்ளோடும் எலும்போடும் விழுங்கியது. அடுத்த மீனுக்கும் தலை. அதற்கடுத்ததற்கும் தலை. பிறகு நடுமுள்ளை இழுத்து, கண்ணை மூடி மூடி விழுங்கியது. சதையெல்லாம் சேற்றில் கிடந்தது. முள் சிக்கும் என்று பயந்து அதைப் பிடிக்க ஓடப்போனேன். அதன் தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. அது குஞ்சாக இருந்த காலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் நண்டைக் கொடுத்துப் பார்த்தேன். ஓட்டோடு தின்றது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நான் கொட்டி வைத்திருந்த முட்டைக்கோதைத் தானே தேடிப் போய்க் கொத்தியது. மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டிய சிறகோடு, நனைந்த தலையோடு, ஒரு கருடன் குப்பையில் நின்று முட்டைக்கோது பொறுக்கித் தின்பதை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அதற்கு எலும்பு வேண்டியிருந்தது. மாதக்கணக்காக வேண்டியிருந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் அதன் கண்முன்னாலேயே முள்ளை உருவி எடுத்துத் தூர வீசிவிட்டு, வெறும் சதையைக் கொடுத்து வந்திருக்கிறோம். தனக்குள் எது குறைகிறது என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. யார் அதற்குச் சொன்னார்கள்? தாய் சொல்ல நேரமில்லை. கூடு விழுந்த அன்றோடு தாய் போய்விட்டது. நாங்கள் சொன்னதெல்லாம் பிழை. ஆனாலும் அது தெரிந்து வைத்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை என்று சொன்னால் அவர் கோபிப்பார் என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

அவர் மார்கழி பிறந்து வந்து சேர்ந்தார். படலையைத் திறந்ததும் அவர் கண்டது, தன் பிள்ளை ஒரு நண்டைக் காலில் பிடித்துக்கொண்டு ஓட்டை உடைப்பதைத்தான்.

"உமக்கு விசரோ? செத்துப்போமெல்லோ," என்று பாய்ந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சாகேல்லை. இந்த மாதம் முழுக்க இதுதான் சாப்பாடு. முள்ளோடை, எலும்போடை, கோதோடை."

"நான் சொல்லிப்போட்டெல்லோ போனனான்."

"நீங்கள் சொன்னதுதான் பிழை. எலும்பில்லாமல் தீத்தினால் எலும்பு எங்காலை வரும்? ஆட்டுக்குக் குழையில்லாமல் போட்டால் பால் வருமோ? முறியாமல் என்ன செய்யும்?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பயணப்பை கையில் இருந்தது. நான் இன்னும் கதைக்க வாயெடுத்தேன்; அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"அப்ப, திருப்பித் திருப்பி முறிச்சது நான்தானோ?" என்று மெல்லக் கேட்டார்.

ஓம் என்பது உண்மை. ஆனால் அந்த மனிதர் விளாத்தி நிழலில் இருந்து ஒவ்வொரு முள்ளாகத் தேடி எடுத்ததும் உண்மை. அன்பில் பிழை பிடிக்கலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.

தையில் கட்டை அவிழ்த்தோம். இந்த முறை சிறகைத் தடவிப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. முடிச்சுகள் அப்படியே இருந்தன. எலும்பு விறைத்திருந்தது. கம்பத்தில் ஏறி அது சிறகடிக்கத் தொடங்கியபோது நாங்கள் இரண்டு பேரும் அந்த ஈர்க்குச் சத்தம் கேட்குமோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தோம். மாசியிலும் கேட்கவில்லை. ஒருமுறை வேலியிலிருந்து சறுக்கி விழுந்தது. எழும்பி, உடம்பை உதறிவிட்டு, மீன் கேட்டுக் கத்தியது.

பங்குனியில் வேறொன்று தொடங்கியது. முதலில் நான் அழுக்கென்று நினைத்தேன். கழுத்தில் மண்ணிற இறகு ஒன்று விழுந்த இடத்தில் வெள்ளையாய் ஒன்று வந்திருந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு காலையும் நான் முகம் கழுவ முன்னம் போய்ப் பார்ப்பேன். நெஞ்சு வெளுத்தது. தலை வெளுத்தது. முதுகும் சிறகும் புதுச் செம்பைப் புளி போட்டு விளக்கிய நிறத்துக்கு வந்தன. அந்தக் குஞ்சுக்குள் இத்தனை காலமும் இந்த நிறம் எங்கே இருந்தது? நான்தான் மீன் கொடுத்தேன், நான்தான் நண்டு பிடித்தேன். வயல் சேற்றில் கிடந்த நண்டும் மீனும் என் கண்முன்னால் வெள்ளையாகவும் செம்பாகவும் மாறிக்கொண்டிருந்தன. உலகத்தில் எல்லாப் பறவைக்கும் இப்படித்தான் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தாலும், அந்த வியப்பில் ஒரு துளி குறைந்திருக்காது.

மீன்கார நானா அன்றைக்கு வந்தவர் சைக்கிளைச் சாய்க்காமலே நின்றார். கம்பத்தின் உச்சியில் அது வெயிலுக்குச் சிறகை விரித்துக்கொண்டு இருந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றார். அன்றைக்கு அவர் எடுத்து வைத்த மீனுக்குக் காசு வாங்கவில்லை.

நிறம் வந்தது, பறப்பு வரவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. கம்பத்திலிருந்து வேலிக்குத் தாவும். வேலியிலிருந்து கூரைக்கு. அதற்குமேல் போகாது. காற்று வந்தால் சிறகை ஒடுக்கிக்கொள்ளும். அதற்கும் அந்தச் சத்தம் ஞாபகத்தில் இருந்ததோ என்னவோ. ஆனி பிறந்ததும் நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். மாரிக்கு முன்னம் வெட்டி, காயவிட்டு, எரிக்க வேண்டும். இப்போதே தொடங்கினால்தான் உண்டு. அவரிடம் கேட்டேன், கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். அவர் சொன்ன சொல்லில் நின்றார்.

ஆனி நடுப்பகுதி இருக்கும். அவர் ஏர் திருத்த ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தார். நான் பாயில் நெல் காயவைத்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன். சோளகம் குளத்துப் பக்கமிருந்து ஏறி வந்தது. கம்பத்தில் இருந்த பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பியது. மெல்ல, மிக மெல்லச் சிறகைத் திறந்தது. சிறகடிக்கவில்லை. கம்பத்தை விட்டுக் கால் எடுபட்டதும் எனக்குத் தெரியவில்லை. கம்பத்துக்கும் அதற்கும் நடுவே வானம் தெரிந்தபோதுதான் கண்டேன்.

அது அப்படியே நின்றது. என் தலைக்கு நேர்மேலே, காற்றில், ஒரு அசைவில்லாமல் நின்றது. நான் ஈர்க்கும் துணியும் சுற்றிய அந்த எலும்பு, கனமே இல்லாத அந்தக் குழாய், முழுக் காற்றையும் தாங்கிக்கொண்டு நின்றது. பிறகு சாய்ந்து ஒரு வட்டம் போட்டது. அதன் நிழல் நெல் காய்ந்த பாயின்மேல் ஓடியது. கோழிகள் கத்திக்கொண்டு வேலிக்கடியில் பாய்ந்தன. இன்னொரு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் உயர்ந்து, மேட்டுக்காணிக் காட்டுக்கு மேலால் போய், குளத்துக்கு மேலே ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனது. நான் நெல்லின்மேல் குந்திவிட்டேன்.

பின்னேரம் அவர் வந்ததும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அவரைக் கோடாலி தூக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தவள் நான். அவர் இல்லாத நேரம் பறந்தது என்று சொல்கிறவளும் நான்தான். வேலிக்கு ஓணான் சாட்சி.

"இடது செட்டை தாழ்ந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"எங்கையாவது விழுந்திருக்குமோ?"

"நான் கண்டமட்டும் விழேல்லை."

அவர் ஏரைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாத்தினார்.

"நீர் சொன்னால் சரி," என்றார்.

நம்பினார் என்று சொல்வேன். ஆனாலும் பின்னேரங்களில் கம்பத்தடியில் மீன் வைத்தார், காகம் தின்றது. காட்டுக்குள் போய் மணிக்கணக்காக நின்றுவிட்டு வந்தார். என்னத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கீழே கிடக்கும் ஒரு செத்த பறவையைத்தான். அது கிடைக்கவில்லை. கிடைக்காதவரையும் என் சொல் நின்றது. கிழமை ஒன்று கழித்து அவர் கோடாலியை எடுத்தார். ஒவ்வொரு மரத்திலும் முதலில் ஏறிக் கூடு பார்த்துவிட்டுத்தான் வெட்டினார். அயல் ஆட்கள் இரண்டு பேர் கூலிக்கு வந்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டேயிருந்தது. அது உண்மையிலேயே எங்கேயோ காட்டுக்குள் விழுந்திருந்தால், இந்த மரங்களை எல்லாம் பொய்யாய்ப்போன என் சொல்லுக்காக அல்லவா இவர் வெட்டுகிறார்?

ஆவணி கடைசியில் வெட்டிப் போட்டது காய்ந்து, நெருப்பு வைத்தோம். காற்று எங்களுக்கு எதிர்ப்பக்கம். நெருப்பு சருகில் ஏறி ஓட, வெட்டுக்கிளியும் ஓணானும் பூச்சி பொட்டும் புகைக்கு முன்னால் பறந்தன, ஓடின. அப்போது வந்தன. எங்கிருந்து என்று தெரியாது. குளத்துப் பக்கமிருந்து, காட்டுப் பக்கமிருந்து, ஒன்று, இரண்டு, பத்துக்கு மேல் கருடன்கள். வெள்ளைத் தலையும் செம்புச் சிறகுமாகப் புகைக்குள் புகுந்து, வெட்டுக்கிளியைக் காலால் பிடித்து, பறந்தபடியே காலை வாய்க்குக் கொண்டுபோய்த் தின்றன. அவருக்குக் கும்பிடத் தோன்றவில்லை. கையில் பிடித்த கம்போடு அண்ணாந்து ஒவ்வொன்றின் இடது சிறகையும் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன்.

"எது எங்கடை?" என்று கேட்டார்.

"தெரியேல்லை."

ஒன்று தாழ்ந்து எங்கள் தலைக்கு மேலால் போனது. அதன் கண்ணும் தெரிந்தது. ஒரு வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டு, இழுத்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, புகைக்கு மேலே ஏறியது.

"இதுவோ?"

"இதுவாயும் இருக்கலாம்."

"முறிஞ்ச இடத்திலை முடிச்சு இருக்குமெல்லோ."

"கையிலை பிடிச்சுத் தடவினால்தான் அது தெரியும்."

"இனி ஆர் பிடிக்கிறது," என்றார்.

அதைச் சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். கம்பைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினார். நானும் அழுதேன். புகையால் என்று கூலிக்கு வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். மறுபடி அண்ணாந்து, இந்த முறை எதையும் தேடாமல் பார்த்தோம். தாழ்ந்த சிறகு ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றுபோலப் பறந்துகொண்டிருந்தன.